கிருஷ்ணகிரி கால்பந்து க்ளப் வரலாறு: தொடங்கின வருஷத்தை எப்படி உறுதி செய்வது?

பெண்ணையாறு:
கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சின்ன க்ளப். அதோட வரலாற்றை மலராகப் போடத் தீர்மானம் ஆகியிருக்கு. கையில் இருப்பது 1979 பதிவுச் சான்றிதழ், வருஷம் எழுதாத குரூப் போட்டோக்கள், ரெண்டு பித்தளைக் கோப்பை, ஒரு மர ஷீல்டு, ஒரு கட்டு பழைய நோட்டீஸ். போர்டில் "தொடக்கம் 1962" என்று இருக்கு. பெரியவங்க சிலர் 1958 என்கிறாங்க. எந்த வருஷத்தைப் போடுவது? ஷீல்டில் "சேலம் ஜில்லா" என்று பொறிச்சிருக்கு, அது எங்க க்ளப்போடதுதானா என்றே சந்தேகம். தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

மினிட்ஸ்புக்:
முதல்ல "தொடக்கம்" என்ற ஒரே சொல்லை நாலாகப் பிரிச்சுக்கோங்க. பசங்க சேர்ந்து ஆட ஆரம்பிச்ச வருஷம், க்ளப்புக்குப் பேர் வச்ச வருஷம், மாவட்டச் சங்கத்தில் சேர்ந்த வருஷம், சட்டப்படி பதிவான வருஷம். 1958, 1962, 1979 மூணுமே சரியாக இருக்கலாம், ஒவ்வொண்ணும் வேற வேற நிகழ்ச்சியோட வருஷம். பெரும்பாலான சண்டை இதைப் பிரிக்காததால்தான் வருது.

அடுத்த வேலை பதிவாளர் அலுவலகம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல் வந்தாலும் நடைமுறைக்கு வந்தது 1978 ஏப்ரலில். உங்க சான்றிதழ் அந்தச் சட்டப்படி வந்தது. சான்றிதழில் இருக்கும் வரிசை எண்ணையும் வருஷத்தையும் போட்டு, சங்கக் குறிப்பாணை, துணை விதிகள் ரெண்டுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு மனு கொடுங்க. குறைஞ்சது ஏழு பேர் கையெழுத்து, தொழில், முகவரியோடு இருக்கும். 1979-ல் கிருஷ்ணகிரி தருமபுரி மாவட்டத்துக்குள் இருந்தது (பிரிஞ்சது 2004 பிப்ரவரி 9), அதனால் கோப்பு தருமபுரியிலும் தங்கியிருக்கலாம். ரெண்டு இடத்திலும் கேளுங்க. அதுக்கு முன்னாடி இருந்த 1860 சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவு பண்ணி, அப்புறம் விட்டுப்போன க்ளப்களும் உண்டு. 1965-க்கு முந்தினது என்றால் சேலத்தில் தேடணும்.

சான்றிதழோடு நிறுத்திடாதீங்க. நிர்வாகிகள் பட்டியல் மாறும்போதெல்லாம் பதிவாளருக்குத் தாக்கல் பண்ணியிருக்கணும். அந்தப் பட்டியல்கள் கிடைச்சா யார் எந்த வருஷம் தலைவர், செயலாளர் என்பது வரிசையாக வந்துடும். குரூப் போட்டோவில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை வச்சே போட்டோவுக்கு வருஷம் கண்டுபிடிச்சிடலாம்.

தேதி இல்லாத காகிதத்துக்கு: ரசீதில் அணா இருந்தா பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தினது. "நயா பைசா" 1957 முதல் 1964 வரை. முகவரியில் பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்ட் 15-க்கு முன் அச்சடிச்சிருக்க முடியாது. சான்றிதழில் "மெட்ராஸ் ஸ்டேட்" இருந்தா 1969 ஜனவரிக்கு முந்தினது என்று வச்சுக்கலாம். ஆனா ஒரு எச்சரிக்கை. புதுசா வந்த அடையாளம் "இதுக்கு முன்னாடி இல்லை" என்பதை உறுதியா சொல்லும். பழைய அடையாளம் அவ்வளவு உறுதியில்லை, ஏன்னா பழைய லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் தீர்ந்து தேயும் வரைக்கும் ஓடும்.

ஷீல்டுகேஸ்:
சேலம் ஜில்லா ஷீல்டு பற்றி. தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2-ல் பிரிஞ்சது. அதுவரை கிருஷ்ணகிரி சேலம் ஜில்லாதான், அதனால் உங்க க்ளப் அங்கே போய் ஆடியிருந்தா ஆச்சரியமில்லை. அதுக்காக ஷீல்டு 1965-க்கு முந்தினதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. வருவாய் மாவட்டம் பிரிஞ்ச அன்னைக்கே விளையாட்டுச் சங்கமும் பிரிஞ்சிருக்கணும்னு இல்லை.

சுழற்கேடயம் (வருஷா வருஷம் ஜெயிச்ச டீமுக்குக் கைமாறும் ஷீல்டு) என்றால் ஓரத்தில் வருஷவாரியா சின்னத் தகடுகள் ஆணி அடிச்சிருக்கும். அதுதான் இருக்கிறதிலேயே பெரிய ஆதாரம், உங்க க்ளப் மட்டுமில்ல, மத்த டீம் பேரும் வருஷமும் சேர்ந்து கிடைக்கும். தகடு விழுந்த இடத்தில் மரம் வெளிர் நிறமா, ஆணி ஓட்டையோடு தெரியும். எத்தனை காணோம் என்று எண்ணி வையுங்க. கோப்பையோட அடிக்கட்டையையும் கழட்டிப் பாருங்க. ஸ்க்ரூ ஓட்டை ரெண்டு ஜோடி இருந்தா, வேற கோப்பையோட கட்டையை இதில் மாட்டியிருக்காங்க என்று அர்த்தம். அப்போ கட்டையில் இருக்கும் வருஷம் இந்தக் கோப்பைக்குச் சேராது.

தயவுசெய்து புளி, பிராசோ எதுவும் போட்டுத் தேய்க்காதீங்க. பளபளப்பு வரும், எழுத்து போயிடும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசி துடைச்சு, சாக்பீஸ் பொடியை விரலால் எழுத்து மேல் தடவி, மேலாக இருப்பதை மட்டும் துடைங்க. குழியில் வெள்ளை நின்னு எழுத்து எழும்பும். ரூம் லைட்டை அணைச்சு, டார்ச்சைப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட படுக்க வச்சுப் பிடிச்சுப் படம் எடுங்க. நேரா ஃப்ளாஷ் அடிச்சா ஒண்ணும் தெரியாது.

ரைட்அவுட்:
பெரியவங்ககிட்ட பேசும்போது எல்லாரையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்காதீங்க. சத்தமா பேசுறவர் சொல்ற வருஷத்தையே மத்தவங்களும் ஒத்துக்குவாங்க. தனித்தனியா, கையில் போட்டோவோடு போங்க. "எந்த வருஷம்?" என்று கேட்டா தோராயமாத்தான் வரும். டீமை ஆடின இடப்படி கேளுங்க: கோல்கீப்பர் யாரு, ரெண்டு பேக், மூணு ஹாஃப், அஞ்சு ஃபார்வர்ட். அந்தக் காலத்து ஆட்கள் ரைட் அவுட், ரைட் இன், சென்டர் ஃபார்வர்ட், லெஃப்ட் இன், லெஃப்ட் அவுட் என்றுதான் மனசில் வச்சிருப்பாங்க. "மிட்ஃபீல்டர்" என்று கேட்டா தடுமாறுவாங்க. மாசத்துக்கு மாங்கா சீசனா, ஆடிப்பெருக்கு சமயமா என்று கேளுங்க. வருஷத்துக்கு எமர்ஜென்சிக்கு முன்னாடியா பின்னாடியா, எம்.ஜி.ஆர். இறந்த 1987-க்கு முன்னாடியா என்று நெருக்கிக்கிட்டே வாங்க.

போட்டோவை 600 டிபிஐ-யில் ஸ்கேன் பண்ணி டிஃப் ஃபைலா வையுங்க. பின்பக்கமும் கட்டாயம் ஸ்கேன் பண்ணணும், ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். குரூப் போட்டோவில் நடுவில் வச்ச பந்தைப் பெருசாக்கிப் பாருங்க, பல டீம் அதில் வருஷத்தை வெள்ளையில் எழுதிப் படம் எடுத்திருக்கு. லேஸ் கட்டின பந்து என்பதை மட்டும் வச்சு வருஷம் சொல்லாதீங்க, கறுப்பு வெள்ளைப் பந்து 1970 உலகக் கோப்பைக்கு வந்தப்புறமும் சின்ன ஊரில் பழைய பந்துதான் ஓடியது. கண்ணாடி ஃப்ரேமில் ஒட்டிக்கிட்ட படத்தைப் பிரிக்காதீங்க, முகம் உரிஞ்சு கண்ணாடியோட வந்துடும். கண்ணாடியோடவே நிழலில் வச்சுப் படம் எடுங்க.

பெண்ணையாறு:
எல்லாருக்கும் நன்றிங்க. நோட்டீஸ்களில் தேதியும் கிழமையும் இருக்கு, வருஷம் இல்லை. ஒண்ணில் "மே 1 ஞாயிறு இறுதி ஆட்டம்" என்று இருக்கு.

மினிட்ஸ்புக்:
கிழமை இருந்தா போதும். 1970-க்கும் 2000-க்கும் நடுவில் மே 1 ஞாயிறு வந்தது 1977, 1983, 1988, 1994 மட்டும்தான். நோட்டீஸ் தலைப்பில் தமிழ் வருஷம் இருக்கா பாருங்க: பிங்கள என்றால் 1977, ருத்ரோத்காரி 1983, விபவ 1988, பவ 1994. அதுவும் இல்லைன்னா விதிமுறைகளைப் படிங்க. "கோல்டன் கோல்" (கூடுதல் நேரத்தில் முதல் கோல் போட்ட டீமே ஜெயிக்கும் விதி) என்று இருந்தா அது 1993-க்குப் பின்.

தேதி நாலுக்குள் சுருங்கினப்புறம் பேப்பர் தேடுங்க, அதுக்கு முன்னாடி போனா நாள் வீணாகும். உள்ளூர் ஃபைனல் முடிவு மறுநாளே வராது, ரெண்டு மூணு நாள் தள்ளி மாவட்டச் செய்தியில் சின்னதா வரும். அதனால் மே 2 முதல் 8 வரை சேலம் பதிப்பைப் பாருங்க. சென்னை கன்னிமாரா நூலகத்தில் கேட்கும்போது பதிப்பு ஊரைச் சொல்லிக் கேளுங்க, சென்னைப் பதிப்பில் கிருஷ்ணகிரி மேட்ச் இருக்காது.

மலரில் ஒரே வருஷத்தை அடிச்சுப் போடாம, "1962: போர்டில் உள்ளபடி. 1979: பதிவு" என்று ஆதாரத்தோடு தனித்தனி வரியாப் போடுங்க. 1958-க்கு ரெண்டு பேர் தனித்தனியா ஒரே விவரம் சொன்னா "மூத்த வீரர்கள் சொன்னது" என்று சேர்த்துக்கலாம்.