போனுக்குக் கவரும் டெம்பரும் தேவைதானா?

வெறுங்கை:
நான்கு வருடமாக நான் எந்தப் போனுக்கும் கவர் போடுவதில்லை, திரைமேல் ஒட்டும் டெம்பர் கிளாஸ் என்ற மெல்லிய கண்ணாடியும் ஒட்டுவதில்லை. ஆபீஸில் தினம் ஒருவராவது "கவர் இல்லாமலா வைத்திருக்கிறீர்கள்?" என்று பதறுகிறார். அதனால் இங்கே பேசித் தீர்க்கலாம் என்று வந்தேன்.

இப்போது வரும் போன் கண்ணாடி ஜன்னல் கண்ணாடி மாதிரி இல்லை. 400 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிக் கிடக்கும் பொட்டாசியம் உப்பில் அதை முக்கி எடுக்கிறார்கள். மேற்பரப்பில் இருக்கும் சிறிய சோடியம் அயனிகள் வெளியேற, அந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகள் நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் மேற்பரப்பு எப்போதும் இறுக்கத்திலேயே இருக்கும், சின்னக் கீறல் விழுந்தாலும் எளிதில் விரிசலாகப் பரவாது. 2020-ல் வந்த கொரில்லா கிளாஸ் விக்டஸ் என்ற போன் கண்ணாடி, சொரசொரப்பான கடினத் தரையில் 2 மீட்டர் உயரம் வரை விழுந்து தாங்கியதாகத் தயாரித்த கார்னிங் நிறுவனமே சொன்னது. அப்படியிருக்க, 150 ரூபாய் ரப்பர் உறை என்ன பெரிதாகக் காப்பாற்றிவிடும்?

போன வாரம் தங்கையின் போன் கவரைக் கழற்றினேன். ஓரமெல்லாம் மஞ்சளடித்துப் போயிருந்தது, உள்ளே மணல். அந்த மணல் உராய்ந்து உராய்ந்து போனின் பின்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கீறல். பாதுகாக்கப் போட்ட பொருளே கெடுத்து வைத்திருக்கிறது.

பழுதுமேசை:
தம்பி, திருச்சியில் 14 வருடமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் சோதனையில் விழுவது புதுக் கண்ணாடி. உங்கள் பாக்கெட்டில் இருப்பது நான்கு மாதம், எட்டு மாதம் சாவியோடும் சில்லறையோடும் உராய்ந்த கண்ணாடி. இரண்டும் ஒன்றில்லை.

நேற்று ஒரு அம்மா போன் கொண்டுவந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். வலது மேல் மூலையில் கடுகு அளவுக்கு வெள்ளையாக ஒரு நசுங்கல். அங்கிருந்து கோடுகள் விசிறி மாதிரி பிரிந்து கீழே வரைக்கும் ஓடியிருந்தன. அந்த இடத்தில் அலுமினிய பிரேம் உள்ளே மடங்கி, கண்ணாடி விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. காம்போ, அதாவது கண்ணாடியும் டிஸ்பிளேவும் சேர்ந்த பாகம், மாற்ற 8,500 ரூபாய். அவர் போனை வாங்கியதே 22,000-க்கு. பிள்ளையின் ஸ்கூல் மெசேஜ் எல்லாம் அதில்தான் வருமாம். கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உடைந்து வரும் போன்களில் பெரும்பாலும் இதே கதைதான். தட்டையாக விழுந்தது தப்பிக்கும், மூலை குத்தி விழுந்தது என் மேசைக்கு வரும். கவர் வேலை செய்வது அந்த மூலையில். அதைப் போய் வீண் என்றால் எனக்கு மனசு ஆறவில்லை.

பிளஸ்டூ இயற்பியல்:
இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சின்னக் கணக்கு. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் போன் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு சுமார் 4.4 மீட்டர். கவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது மாறாது. மாறுவது எவ்வளவு தூரத்துக்குள் அது நிற்கிறது என்பதுதான். வெறும் அலுமினிய மூலை 0.2 மில்லிமீட்டர் நசுங்கி நின்றால், சராசரி அதிர்ச்சி புவியீர்ப்பைப் போல 5,000 மடங்கு. மென்மையான கவர் மூலை 2 மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் அது 500 மடங்கு. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறோமே, அதே சங்கதி.

ஆனால் இதற்கு மூலை அமுங்க வேண்டும். பளபளவென்று இருக்கும் மெல்லிய கெட்டி பிளாஸ்டிக் கவர் அமுங்காது. கீறலைத் தடுக்கும், விழுவதற்கு அவ்வளவாக உதவாது. டிபியு என்று சொல்லும் வளையும் கவரில், மூலையில் காற்றுக்குமிழ் மாதிரி புடைப்பு இருப்பதுதான் பயன்படும். அது மஞ்சளாவது வெயிலாலும் சூட்டாலும். மஞ்சளானதும் வேலை செய்யாது என்று இல்லை. விரலால் அழுத்தினால் கெட்டியாகிவிட்டதா என்று தெரியும், கெட்டியானால் மாற்றிவிடலாம்.

அப்புறம், பழுதுமேசை அண்ணா, சாவியும் சில்லறையும் கண்ணாடியைவிட மென்மையான உலோகம். அவை பெரும்பாலும் கீறாது. கீறுவது மணல். மோஸ் கடினத்தன்மை அளவில் எண் பெரியது சிறியதைக் கீறும்; மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7, போன் கண்ணாடி சுமார் 6.

வெறுங்கை:
சரி சார், மூலைக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கவர் பெட்டியில் "ராணுவத் தரம்" என்று அச்சடித்து 1,200 ரூபாய் வாங்குகிறார்களே, அது நியாயமா? மில்-எஸ்டிடி-810 என்ற அந்த அமெரிக்க ராணுவச் சோதனையில் 1.22 மீட்டர் உயரத்திலிருந்து 26 தடவை போடுகிறார்கள். கான்கிரீட்டின் மேல் விரித்த 5 சென்டிமீட்டர் பிளைவுட்டில் போடவும் அதில் இடம் உண்டு. அந்த 26-ஐயும் ஐந்து சாதனங்களுக்குப் பங்கு போட்டுக்கொள்ளவும் இடம் உண்டு. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் பிளைவுட்டா விரித்திருக்கிறார்கள்? ராணுவம் யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதும் இல்லை, கம்பெனி தானே சோதித்துத் தானே அச்சடித்துக்கொள்கிறது.

டெம்பர் இன்னும் மோசம். "9எச்" என்கிறார்கள். அது பென்சில் கடினத்தன்மை அளவு. 9எச் பென்சிலால் கீறினால் கீறல் விழாது, அவ்வளவுதான். மோஸ் அளவில் 9 என்று நினைத்து வாங்குகிறவர்கள் எத்தனை பேர்! "டெம்பர் உடைந்தது, டிஸ்பிளே தப்பித்தது" என்று சொல்வதும் எனக்குப் பிடிபடவில்லை. மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமன் உள்ள மலிவுக் கண்ணாடி சும்மா தட்டினாலே உடையும். அது உடைந்ததை வைத்து, டெம்பர் இல்லாவிட்டால் கீழே இருப்பதும் உடைந்திருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பழுதுமேசை:
ராணுவத் தரம் பற்றிச் சொன்னது சரி, நானும் அந்தப் பெட்டிகளை விற்பதில்லை. டெம்பர் விஷயத்திலும் உங்கள் கேள்வி நியாயமானது. உடைந்த டெம்பரைக் காட்டி "காப்பாத்திருச்சுண்ணே" என்று கஸ்டமர் சொல்லும்போது நானும் தலையாட்டியிருக்கிறேன். அது நிரூபணம் இல்லைதான்.

ஆனால் டெம்பரின் வேலையே வேறு. சார் சொன்ன மணலை அது தன்மேல் வாங்கிக்கொள்கிறது. நீங்கள் சொன்ன அந்த இறுக்கமான மேல் அடுக்கு ரொம்ப மெல்லியது. மணல் கீறல் அதைத் தாண்டி ஆழமாகப் போய்விட்டால், அடுத்த முறை விழும்போது அந்தக் கீறலில் இருந்தே பிளக்கும். டெம்பர் ஒட்டிய போன் இரண்டு வருடம் கழித்தும் புதுக் கண்ணாடியோடு விழுகிறது. உங்கள் போன் அப்படி விழாது. 100 ரூபாய்க்கு அது போதாதா?

வளைந்த டிஸ்பிளேவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. திரவப் பசை ஊற்றி, புற ஊதா விளக்கில் காயவைத்து ஒட்டும் டெம்பர் வேண்டாம். அந்தப் பசை இயர்பீஸ் வலைக்குள் இறங்கிக் கெட்டியான போன்களைச் சுத்தம் செய்தே எனக்குக் கை வலித்திருக்கிறது. சில போன்களில் வால்யூம் பட்டன் அசையவே இல்லை.

இரவுச்சவாரி:
எல்லாரும் கீழே விழுவதைப் பற்றியே பேசுகிறீர்கள் அண்ணா. சென்னையில் உணவு டெலிவரி ஓட்டுகிறேன். என் பழைய போன் ஒரு தடவைகூட விழவில்லை. கவர், டெம்பர் எல்லாம் போட்டு ஹேண்டில்பார் ஹோல்டரில்தான் இருந்தது. ஒரு நாள் கேமராவைத் திறந்தால் படம் நடுங்குகிறது, ஃபோகஸ் நிற்கவில்லை. டெலிவரிக்கு ஆதாரப் படம் எடுக்க முடியாமல் அன்றைக்கு எவ்வளவு பாடு பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். பிறகுதான் தெரிந்துகொண்டேன், பைக் எஞ்சின் அதிர்வு நேராகப் போனுக்கு ஏறினால் கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகம் கெடலாம் என்று ஆப்பிள் 2021-லேயே எச்சரித்திருக்கிறது. என்னுடையது வேறு கம்பெனி, ஆனால் உள்ளே இருந்தது அதே மாதிரி பாகம்தான்.

இன்னொன்று சூடு. மே மாத மதியம், மேப் ஓடுகிறது, பவர்பேங்கில் சார்ஜ் ஏறுகிறது, மேலே தடித்த கவர். திரை தானாக மங்கிவிடும், தெருப் பெயரே தெரியாது. அதனால் மதியத்தில் கவரைக் கழற்றிவிடுகிறேன். இந்த ஒரு விஷயத்தில் வெறுங்கை அண்ணா பக்கம்தான் நான்.

பழுதுமேசை:
தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் கழற்ற வேண்டியது கவரை இல்லை, சார்ஜரை. ஐபோன் கையேட்டிலேயே 35 டிகிரிக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் இருக்கிறது. மே மாதச் சென்னை அதைத் தாண்டித்தான் இருக்கும். காலையில் வீட்டிலேயே நிறைய ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள், நடுவில் நிழலில் நிறுத்தும்போது மறுபடி ஏற்றுங்கள். ஹோல்டருக்கு அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் துண்டு தனியாக வருகிறது, அதைப் போடுங்கள்.

இரவுச்சவாரி:
ஆர்டர் வரிசையாக வரும்போது நிழலைத் தேடி நிறுத்த முடியாது அண்ணா. ரப்பர் துண்டு வாங்கிப் பார்க்கிறேன். கவர் மதியத்தில் கழறத்தான் செய்யும்.

பிளஸ்டூ இயற்பியல்:
வெறுங்கை நண்பருக்கு ஒரு சோதனை. தங்கையின் போனைக் கவரோடு கண்ணாடி மேசையில் குப்புற வையுங்கள். ஒரு விசிட்டிங் கார்டைத் திரைக்கும் மேசைக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் கவரின் விளிம்பு திரையைவிட உயரமாக இருக்கிறது, சமதளத்தில் குப்புற விழுந்தால் திரை தரையைத் தொடாது.

வெறுங்கை:
இப்போதுதான் செய்து பார்த்தேன் சார். நுழையவில்லை. தங்கையிடம் கேட்டு டெம்பரை உரித்துவிட்டு மறுபடி வைத்தேன். கார்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அந்தக் கவரின் விளிம்பு அவ்வளவு தாழ்வு, டெம்பரின் தடிமனே அதைத் தின்றுவிட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டு ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுத்திருக்கிறது.

பழுதுமேசை அண்ணா, டெம்பரோடும் கார்டு நுழைகிற மாதிரி விளிம்பு உயர்ந்த கவர் உங்கள் கடையில் இருக்கிறதா? தங்கைக்குத்தான் கேட்கிறேன். எனக்கு இன்னும் வேண்டாம்.