மலையில் கைக்குழந்தையின் மூச்சுத்திணறல்: ஆக்சிமீட்டர் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: கோத்தகிரி செவிலியர்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஆறு ஆண்டுகள் பெரியவர்களுக்கான வார்டில் பணியாற்றிவிட்டு, கடந்த ஜூன் மாதம் கோத்தகிரிக்கு அருகில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தேன். இங்கே மருத்துவர் பகலில் மட்டும் இருப்பார். இரவில் தொலைபேசியில் கிடைப்பார். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து இரவில் வருபவர்களில் பெரும்பாலோர் சளியும் இழுப்புமாக வரும் கைக்குழந்தைகள்தாம்.

சென்ற வாரம் இரவு பதினொரு மணிக்கு ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மூன்று நாளாக மூக்கொழுகல். அன்று மாலையிலிருந்து வழக்கத்தில் பாதிப் பால்தான் குடித்திருந்தது. ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கால் பெருவிரலில் மாட்டினேன்; 83 என்று காட்டியது. பதறிப்போய் ஆக்சிஜன் வைத்து, மருத்துவரை எழுப்பி, 108-ஐயும் அழைத்துவிட்டேன். வண்டி வருவதற்குள் குழந்தை ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. அதற்குள் அதன் பாட்டி இரண்டு பாதங்களையும் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஆக்சிமீட்டரை மறுபடி மாட்டினால் 95. 'கால் சில்லென்று இருந்ததா என்று தொட்டுப் பார்த்தீர்களா?' என்று மருத்துவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து இதற்கு நேர்மாறாக நடந்தது. ஒன்றரை வயதுப் பையனுக்கு 94 காட்டியதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டேன். காலையில் மருத்துவர் வந்து சட்டையைத் தூக்கினார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்துகொண்டிருந்தது. உடனே ஊட்டிக்கு அனுப்பினோம். பையன் இப்போது நலமாக இருக்கிறான், ஆனால் எனக்கு அந்த இரவை மறக்க முடியவில்லை.

மலையில் எந்த எண்ணை இயல்பு என்று கொள்வது? இரவில் தனியாக இருக்கும் செவிலியர் முதலில் எதைப் பார்க்க வேண்டும், மருத்துவர் வரும்வரை என்ன செய்யலாம்? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: மூஞ்சிக்கல் அக்கா

தங்கைக்கு வணக்கம். கொடைக்கானலில் குழந்தைகள் வார்டில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் சொன்ன இரண்டுமே எனக்கும் நடந்திருக்கின்றன.

மலையில் கைக்குழந்தையைப் பரிசோதிக்க முதல் தடையாக இருப்பது உடுப்பு. உள்ளே ஒரு பனியன், அதன்மேல் ஃபிளானல் சட்டை, அதன்மேல் பாட்டி பின்னிய ஸ்வெட்டர், எல்லாவற்றையும் சுற்றி ஒரு சால்வை, தலையில் குல்லா என்று வரும் பிள்ளையின் மார்பை யாரும் பார்ப்பதில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்து வழியாக உள்ளே விட்டு ஏதோ கேட்டதாக எழுதிவிடுகிறோம். குளிரில் கழற்றச் சொன்னால் தாய்க்கு மனம் வராது, அது நியாயமும்கூட. அதனால் ஹீட்டருக்கு அருகில் தாயை உட்காரவைத்து, பிள்ளை அவர் மடியிலேயே இருக்க, பொத்தான்களைக் கீழிருந்து கழற்றி, துணியை மார்புக்கு மேலே சுருட்டிவிடுங்கள். கை, கால், தலை எல்லாம் மூடியே இருக்கட்டும். டார்ச் வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால் விலாவின் கீழ் விளிம்பு நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும்.

பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கைக்குழந்தை சில நொடி வேகமாகவும் சில நொடி மெதுவாகவும் மூச்சு விடும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பிவிடும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது முடியும் வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. அழும் குழந்தையிடம் எண்ணிப் பயனில்லை. அமர்த்திவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

எண்ணும்போதே கீழ் விலாவையும் கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது மார்பும் வயிறும் சேர்ந்து எழுந்தால் அது இயல்பு. வயிறு எழும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே போனால் அதுதான் குழி விழுதல். அழும்போதோ பால் குடிக்கும்போதோ மட்டும் அப்படித் தெரிந்தால் கணக்கில் எடுக்க வேண்டாம். அமைதியாக இருக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் விழுகிறதா என்பதே கேள்வி. மூக்குத் துளை விரிவது, மூச்சு விடும்போது முனகுவது, மூச்சுக்கு ஏற்பத் தலை ஆடுவது ஆகியவற்றையும் அந்த ஒரு நிமிடத்திலேயே பார்த்துவிடலாம்.

முதல் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் மூக்கைச் சுத்தம் செய்துவிட்டு இன்னொரு முறை எண்ணுங்கள். சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் மூக்காலேயே மூச்சு விடுபவர்கள். மூக்கு அடைத்தால் மூச்சும் போகும், பாலும் போகும். ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று சொட்டு உப்புநீர் விட்டுச் சற்றுப் பொறுத்து, மென்மையான குழாயால் துளையின் முன்பகுதியில் மட்டும் உறிஞ்சி எடுங்கள். ஒரு முறைக்குப் பத்து நொடியைத் தாண்ட வேண்டாம். ஆழமாக விட்டால் உள்ளே வீங்கும், இதயத் துடிப்பும் சட்டென்று குறையக்கூடும். பால் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்தால் குழந்தை குடிக்கும் அளவே கூடுவதைப் பார்ப்பீர்கள்.

படுக்கவைப்பதானால் தலைமாட்டை உயர்த்தி, தோளுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். தலைக்கு அடியில் தலையணை வைத்தால் கழுத்து மடங்கி மூச்சுக்குழல் இன்னும் குறுகும். பாலை ஒரே மூச்சில் கொடுக்காமல், வழக்கமான அளவைப் பாதியாக்கி இரு மடங்கு தடவை கொடுக்கச் சொல்லுங்கள். உறிஞ்ச முடியாமல் இளைக்கும் குழந்தைக்கு வாய்வழியாக வற்புறுத்திக் கொடுத்தால் புரையேறும். அப்போது மருத்துவரிடம் கேட்டுக் குழாய் வழியாகக் கொடுப்பதே சரி.

ஆக்சிமீட்டரைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பார்க்க வேண்டிய வரிசையிலும் அதற்குக் கடைசி இடம்தான். கொரோனா காலத்தில் எல்லாரும் வாங்கிய விரல் கிளிப் பெரியவர்களுக்கானது. ஏழு மாதக் குழந்தையின் விரலில் அது சரியாகப் பொருந்தாது. குழந்தைகளுக்கான, சுற்றி ஒட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பாதத்தைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் அந்தக் குழந்தையின் பாட்டி செய்த வேலையை நீங்கள் முதலில் செய்யுங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பும் நீங்கள் ஸ்டெதஸ்கோப்பில் எண்ணும் துடிப்பும் ஒத்துப்போனால் மட்டும் ஆக்சிஜன் எண்ணை எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

பதில் 2: குன்னூர் குழந்தை மருத்துவர்

மூஞ்சிக்கல் அக்கா சொன்ன வரிசையை அப்படியே ஏற்கிறேன். மலை உயரம் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன், வேறு சிலவும் சேர்த்து.

கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்திலும் ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இந்த உயரத்தில் நலமான குழந்தைக்கும் சமவெளியைவிட ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டலாம். அதற்காக 'மலைதானே, 88 பரவாயில்லை' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 90-க்குக் கீழே போனால் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். 87 வரை தளர்த்துவது 2,500 மீட்டருக்கு மேல் வாழ்பவர்களுக்குத்தான். நம் மாவட்டத்தில் அந்த உயரத்தைத் தாண்டும் தொட்டபெட்டா உச்சிக்குச் சுற்றுலாப் பயணிகள்தாம் போகிறார்கள். அங்கிருந்து யாரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை.

எண் 90-க்கு மேல் இருந்தாலும் குழந்தை முனகினாலோ, தலை ஆடினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஆக்சிஜனைத் தொடங்கிவிட்டுத் தொலைபேசியை எடுங்கள். மூக்குக் குழாயில் பச்சிளம் குழந்தைக்கு நிமிடத்துக்கு அரை முதல் ஒரு லிட்டர், கைக்குழந்தைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் போதும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையாவது குழாய்முனையைச் சளி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பால் குடிக்கவே முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத சோர்வு ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த குழந்தை மெதுவாக விடத் தொடங்கி, கூடவே சோர்ந்தும் போனால் அதைத் தேறுதல் என்று எண்ணிவிடாதீர்கள்; அது களைத்துப்போனதன் அடையாளம்.

உங்கள் ஏழு மாதக் குழந்தைக்கு வந்தது பெரும்பாலும் பிராங்கியோலைட்டிஸ், அதாவது நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் வீங்கும் நோய், ஆக இருக்கும். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வைரஸால் வருவது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் கடுமையாகி, பிறகு மெல்லத் தணியும். மூன்றாம் நாளில் வந்த குழந்தையின் பெற்றோரிடம் 'நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இதற்கு ஆன்டிபயாட்டிக்கும் (மருந்தைப் புகைபோல் ஆக்கி மூச்சில் இழுக்கவைக்கும்) நெபுலைசரும் பொதுவாக உதவுவதில்லை. மூக்கைச் சுத்தமாக வைப்பதும் பாலும் தேவையானால் ஆக்சிஜனுமே மருந்து. நெபுலைசர் வைக்காவிட்டால் 'ஒன்றுமே செய்யவில்லை' என்று கோபப்படும் பெற்றோர் உண்டு என்பதை நானும் அறிவேன். அடிக்கடி வீசிங் (இழுப்பு) வரும் சற்றுப் பெரிய குழந்தைக்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து வேலை செய்யும். அதற்கு முகமூடியுடன் கூடிய ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) நெபுலைசருக்குச் சளைத்ததல்ல. ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். துடைத்தால் உள்சுவரில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் இங்கே எதுவும் காய்வதில்லை, ஆகையால் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாய் குரைப்பது போன்ற இருமலும் மூச்சு இழுக்கும்போது ஒலியும் இருந்தால் கதையே வேறு. அந்தக் குழந்தையை அழவிடக் கூடாது. நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்க்கக் கூடாது. தாயின் மடியில் அது விரும்பும் நிலையிலேயே இருக்கட்டும், உடனே மருத்துவரை அழையுங்கள்.

பதில் 3: பந்தலூர் அம்மா

நான் செவிலியர் அல்ல. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவள். என் மகனுக்கு ஐந்து மாதமாக இருந்தபோது நிமோனியா வந்தது. எங்கள் வீட்டில் பிள்ளைக்குச் சளி என்றால் மூக்கில் தேங்காய் எண்ணெய் விட்டு ஊதி எடுப்பதும், நெஞ்சிலும் மூக்கைச் சுற்றியும் நீலகிரித் தைலம் தடவுவதும் வழக்கம். மருத்துவமனைக்குப் போனதும் ஒரு செவிலியர் அதைக் கேட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் என் மாமியாரைத் திட்டிவிட்டார். அடுத்த முறை பிள்ளைக்குச் சளி பிடித்தபோது, வீட்டில் என்ன செய்தோம் என்பதை நாங்கள் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

இன்னொரு செவிலியர்தான், மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'அம்மா, மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியா ஆகும். தைலம் சிறிதளவு வாய்க்குள் போனாலும் பிள்ளைக்கு வலிப்பு வரும்' என்று பொறுமையாக விளக்கினார். பாதத்தைத் தேய்த்துச் சூடாக வைப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். மாமியார் அன்றிலிருந்து தைலப் புட்டியை உயரத்தில் வைத்துவிட்டார். சீகை விறகு மூட்டும் அடுப்படியில் பிள்ளையைக் கிடத்துவதையும் விட்டோம். வீட்டில் என்ன செய்தீர்கள் என்று திட்டாமல் கேளுங்கள் சிஸ்டர், நாங்கள் சொல்லிவிடுவோம்.

கோத்தகிரி செவிலியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு வந்த இரண்டு குழந்தைகளுக்கும் ஸ்வெட்டரைக் கீழிருந்து சுருட்டி முழு நிமிடம் எண்ணினேன். ஒரு குழந்தைக்கு முதலில் 56. மூக்கைச் சுத்தம் செய்து, அமர்த்தி எண்ணியபோது 44. இரண்டாவது குழந்தைக்கு 62, குழியும் விழுந்தது, அதை அனுப்பிவைத்தோம். பந்தலூர் அம்மா சொன்னபடி கேட்டதில், இரு வீட்டிலும் தைலம் தடவியிருந்தார்கள்.

இன்னும் ஓர் ஐயம். மலைப்பாதையில் கீழே அனுப்பும்போது ஆக்சிஜன் சிலிண்டர் போதுமா என்பதை எப்படிக் கணக்கிடுவது?

மூஞ்சிக்கல் அக்கா

நல்ல கேள்வி, கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வழியாக இறங்கும்போதெல்லாம் எனக்கு இதே கவலைதான். பி வகைச் சிலிண்டரில் பத்து லிட்டர் கொள்ளளவு. அழுத்த மீட்டரில் முள் 150 பாரில் நின்றால் ஏறக்குறைய 1,500 லிட்டர் ஆக்சிஜன். முள் காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் போதும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் மூன்று மணி நேரப் பயணத்துக்கு 360 லிட்டர் செலவாகும். வழியில் மரம் விழுந்திருக்கலாம், மூடுபனியில் வண்டி ஊர்ந்து போகலாம் என்பதால் அதை இரு மடங்காக்கி 720 லிட்டர் என்று வைத்துக்கொள்வேன். முள் 50-இல் நின்றால் 500 லிட்டர்தான். வேறு சிலிண்டர் கேட்க வேண்டும்.

கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுக்கும், அதனால் வயிறு நிறையக் கொடுத்துவிட்டு ஏற்றாதீர்கள். தாய் நிமிர்த்திப் பிடித்திருக்கட்டும். உறிஞ்சும் குழாய் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முள்ளை நீங்களே பார்த்துக் குறிப்புச் சீட்டில் எழுதுங்கள். சிலிண்டரைத் திறக்கும் சாவி அதனோடு கயிற்றால் கட்டியிருக்கிறதா என்று வண்டி நகர்வதற்கு முன்னால் தொட்டுப் பாருங்கள். ஒரு முறை பாதி வழியில் சிலிண்டரை மாற்ற நேர்ந்தபோது, எங்கள் சாவி வார்டு மேசையில் கிடந்தது.