‘சும்மா இருந்தேன்’ என்று எழுதிய பக்கம்

சமூகவியலில் சேர்ந்த முதல் மாதம் எனக்குப் பெரிய ஏமாற்றம். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்குக் கடினமான பெயர் வைக்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு லிஃப்டுக்குள் ஆட்டம் கண்டது.

எட்டாவது மாடிக்குப் போகவேண்டும். உள்ளே ஏற்கெனவே மூன்று பேர். நான் நுழைந்ததும் ஒருவர் என்னை அரை நொடி பார்த்தார். பிறகு கதவுக்கு மேலே மாறிக்கொண்டிருந்த எண்களைப் பார்க்க ஆரம்பித்தார். இன்னொருவர் பையை மறு தோளுக்கு மாற்றி இடம் விட்டார். நான் திரும்பிக் கதவைப் பார்த்தபடி நின்றேன். நாலாவது மாடியில் ஒருவர் இறங்கினார். உடனே மீதி மூன்று பேரும், யாரும் சொல்லாமலே, அரையடி அரையடியாக நகர்ந்து இடைவெளியைச் சமமாக்கிக்கொண்டோம். என் கால் நகர்ந்ததை நானே பார்த்தேன். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அதற்கு முதல் நாள்தான் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963-ல் எழுதியதை வகுப்பில் படித்திருந்தோம். ‘நாகரிகமான பாராமுகம்’ என்று எங்கள் ஆசிரியர் அதைத் தமிழில் சொன்னார். அறிமுகமில்லாதவரை ஒரு கணம் பார்த்து, நீங்கள் இருப்பது எனக்குத் தெரிகிறது என்று உணர்த்திவிடுகிறோம். உடனே பார்வையை விலக்கி, உங்களைக் கண்டு எனக்குப் பயமுமில்லை, உங்களைத் துருவும் எண்ணமுமில்லை என்றும் தெரிவித்துவிடுகிறோம். பொது இடங்களில் ஆயிரம் பேர் முட்டி மோதிக்கொள்ளாமல் நடமாட இந்த அரை நொடியும் உதவுகிறது. இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. ஆனாலும் எப்படியோ எனக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வாரத்துக்கு ஒருநாள், அவரவர் பார்த்த ஒன்றைச் சொல்லவேண்டும். நான் லிஃப்டைப் பற்றிச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சக்கர நாற்காலியில் வரும் ஒரு தோழி மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: “எனக்கு அந்த அரை நொடி கிடைக்கிறதே இல்லை. ஒன்று, வைத்த கண் வாங்காமல் பார்ப்பார்கள். இல்லையென்றால் நான் அங்கே இல்லாத மாதிரி என் தலைக்கு மேலே பார்ப்பார்கள். கூட வந்தவரிடம், ‘இவங்க எந்த மாடிக்குப் போகணும்’ என்று கேட்பார்கள்.”

நான் பெருமையாகச் சொன்ன உதாரணத்துக்கு அடியில் இன்னொரு தளம் இருந்திருக்கிறது. கோஃப்மனும் இதைக் கவனித்தவர்தான். உடலில் வேறுபாடு உள்ளவர்களுக்கு இந்த மரியாதை மறுக்கப்படுவதைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். புத்தகத்தில் அந்த வரி என் கண்ணில் படவில்லை. அவள் குரலில் கேட்டபோதுதான் பட்டது.

அடுத்த வாரம் பேசிய இன்னொருத்தி, சமூகவியலாளர் ஹெரால்ட் கார்ஃபிங்கல் தன் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சியை வீட்டில் செய்து பார்த்திருந்தாள். 1967-ல் வெளியான அவருடைய ஆய்வுகளில் அது வருகிறது. கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை, சொந்த வீட்டில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருப்பவர் போல நடந்துகொள்ளவேண்டும். பணிவு, மரியாதை, அளந்து பேசுவது, கேட்டால் மட்டும் பதில். இவள் கதவருகே நின்று, “உள்ளே வரலாமா?” என்று அம்மாவிடம் கேட்டாள். “தண்ணீர் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்றாள். தங்கையை “நீங்கள்” என்று கூப்பிட்டாள்.

அம்மா முதலில் சிரித்தாராம். அப்புறம் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். பத்து நிமிடம் கழித்துக் கோபம் வந்துவிட்டது. “யார் உன்னை என்ன சொன்னார்கள்? ஏன் இப்படிப் பேசுகிறாய்?” கார்ஃபிங்கலின் மாணவர்களுடைய வீடுகளிலும் இதேதான் நடந்தது: உடம்பு சரியில்லையா, பைத்தியம் பிடித்துவிட்டதா, ஏன் கோபம் என்று ஒரே கேள்விமயம். இவள் இருபது நிமிடத்தில் நிறுத்திக்கொண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஆனால் தங்கை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. “நீங்கள்னு கூப்பிட்டது, நீ எனக்கு வேண்டாம்னு சொல்ற மாதிரி இருந்தது” என்றாளாம்.

ஒரு மரியாதைச் சொல் அடியைப் போல விழுந்திருக்கிறது. ‘நீ’ என்ற ஒற்றை எழுத்தில் எத்தனை வருட உறவு உட்கார்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கூடவே ஆசிரியர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது முயன்று பார்க்கலாம்: நெருங்கியவர்களின் நம்பிக்கையோடு விளையாடுவது சின்ன விஷயம் அல்ல. இன்றைக்கு ஆய்வு என்ற பெயரில் இப்படிச் செய்வதென்றால் முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கவேண்டியிருக்கும். வீட்டில் செய்கிறவர்களும், அடுத்தவர் மனது நோகுமா என்று யோசித்துவிட்டுச் செய்வது நல்லது.

இன்னொருவன், தனக்குப் பயிற்சி வேலை கிடைத்த கதையைச் சொன்னான். தகவல் தந்தவர் நெருங்கிய நண்பர் இல்லை. எப்போதோ ஒரு முகாமில் சந்தித்து, வருடத்துக்கு ஒருமுறை வாழ்த்து அனுப்புகிற ஒருவர். மார்க் கிரானோவெட்டர் 1973-ல் சொன்ன ‘பலவீனமான பிணைப்புகளின் பலம்’ இதுதான். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்து அறிமுகங்கள் வழியாகத்தான் வருகிறது. அறிமுகங்கள் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, அந்த அறிமுகத்தை அடிக்கடி சந்திப்பவர்கள் 16.7 சதவீதம்தான் இருந்தார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இதேபோல ஒரு கதை இருந்தது.

என்னை உலுக்கியது வேறொரு நாள். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

இரண்டாம் பருவத்தில் ஒரு கட்டுரை சமர்ப்பிக்கவேண்டியிருந்தது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது எனக்குக் கடுமையான காய்ச்சல். இரவெல்லாம் விழித்து, கண்ணெரிச்சலோடு ஏதோ எழுதி, கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் அறை வாசலில் எனக்கு முன்னால் ஒருவன் நின்றிருந்தான். நன்றாகப் பழகுகிறவன், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாதவன். அவன் உள்ளே போய், “சார், இந்த வாரம் வேலை கொஞ்சம் அதிகம். திங்கட்கிழமை வரைக்கும் நேரம் கொடுத்தால் இன்னும் நன்றாக எழுதித் தருவேன்” என்றான். குரலில் கெஞ்சல் இல்லை. ஆசிரியர், “சரி, திங்கட்கிழமை கொடு” என்றார். பேச்சு முழுவதும் ஒரு நிமிடம்கூட இருக்காது.

கையில் தாள்களோடு நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வந்தது பொறாமை இல்லை, திகைப்பு. இப்படிக் கேட்கலாமா? கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாதே! ஆசிரியரைத் தொந்தரவு செய்யக்கூடாது, சொன்ன நாளில் சொன்னதைக் கொடுக்கவேண்டும், முடியாவிட்டால் அது நம் குறை. நான் வளர்ந்தது அப்படி. என் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதிகாரத்தில் இருப்பவர் முன்னால் நிற்கும்போது கையைக் கட்டிக்கொள்ளத்தான் வீட்டில் சொல்லித்தந்தார்கள். அன்பினால்தான் சொல்லித்தந்தார்கள்; அவர்கள் வாழ்க்கையில் அவர்களைக் காப்பாற்றியது அந்தப் பணிவுதான்.

அதே மாதம் பியர் பூர்தியூவின் ‘பண்பாட்டு மூலதனம்’ பாடத்தில் வந்தது. பணத்தைப் போலவே பேச்சு முறை, ரசனை, நிறுவனங்களில் எப்படி நடந்துகொள்வது என்கிற அறிவு இவையும் குடும்பத்திலிருந்து கைமாறி வருகிற சொத்து என்பது அவர் கருத்து. பள்ளியும் கல்லூரியும் அந்தச் சொத்தைத் திறமை என்று எண்ணிப் பரிசளிக்கின்றன. அதைத் தொடர்ந்து, அமெரிக்காவில் அன்னெட் லாரோ 12 குடும்பங்களோடு நெருங்கிப் பழகிச் செய்து 2003-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தோம். அதில் ஒரு தாய், மருத்துவரைப் பார்க்கப் போகும் வழியில், அவரிடம் கேட்கக் கேள்விகளை யோசித்து வைத்துக்கொள்ளும்படி மகனிடம் சொல்கிறார். அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன். மருத்துவர் முன்னால் என் அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வது நினைவுக்கு வந்தது. பதிலே புரியாவிட்டாலும், “சரிங்க, சரிங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, “என்ன சொன்னார்?” என்று என்னைக் கேட்பார்.

வகுப்பில் வாய் திறக்காமல் இருப்பதை அதுவரை என் சுபாவம் என்றே நினைத்திருந்தேன். கூச்சம், தைரியக் குறைவு, என் தனிப்பட்ட பிழை. தனிமனிதத் துன்பம் என்று தோன்றுவதைப் பொதுப் பிரச்சினையோடு சேர்த்துப் பார்க்கத் தெரியவேண்டும் என்று சி. ரைட் மில்ஸ் 1959-ல் எழுதினார். தேர்வுக்காக அந்த வரியை மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் பாரம் அந்த அறை வாசலில்தான் எனக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் எங்களோடு படிக்கும், என்னைப் போலவே முதல் தலைமுறையாக வந்த இரண்டு பேரிடம் கேட்டேன். அவர்களுக்கும் தெரியாது. ஒருத்தி போன பருவத்தில் கெடு தாண்டிவிட்டது என்று கட்டுரையைக் கொடுக்காமலே மதிப்பெண்ணை இழந்திருந்தாள். யாரிடமும் சொல்லாமல் அழுதிருக்கிறாள்.

அதிலிருந்து ஒன்று செய்கிறேன். புதிதாக வருபவர்களிடம் முதல் வாரமே சொல்லிவிடுகிறேன்: ஆசிரியரைப் போய்ப் பார்க்கலாம், நேரம் கேட்கலாம், புரியவில்லை என்று சொல்லலாம், மதிப்பெண் ஏன் குறைந்தது என்று விசாரிக்கலாம். விதிகள் எழுதிய கையேட்டில் இது எங்கேயும் இல்லை.

ஒரு தவறையும் சொல்லவேண்டும். இந்தச் சொற்கள் கைக்கு வந்த புதிதில் எனக்கு ஒருவித மயக்கம் இருந்தது. எதைப் பார்த்தாலும் பெயர் சூட்டினேன். ஒருநாள், எப்போதும் எல்லாரையும் சிரிக்கவைக்கும் நண்பன் ஒருவன் விடுதியின் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வீட்டில் நடந்த ஒரு பிரச்சினையைச் சொல்லிக்கொண்டே வந்தவன் உடைந்து அழுதான். நான் ஆறுதலாக என்னவோ சொல்ல நினைத்து, “இதுதான் உன்னுடைய பின்மேடை போல” என்றேன். கோஃப்மனின் முன்மேடை, பின்மேடை: பிறர் முன்னால் ஒரு முகத்தைக் காட்டும் இடம் ஒன்று, அதைக் கழற்றிவைக்கும் இடம் இன்னொன்று. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். “நான் உன்கிட்ட பேசிட்டு இருக்கேன்” என்றான். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டான். மறுநாள் மன்னிப்புக் கேட்டேன், அவனும் மன்னித்தான். ஆனாலும் அந்த வாக்கியம் இன்னும் எனக்குள் இருக்கிறது. கருத்து சரியாகவே இருந்திருக்கலாம். அதைச் சொல்ல நான் தேர்ந்துகொண்ட இடம், அவனை மனிதனிலிருந்து ஆய்வு மாதிரியாக மாற்றிவிட்டது.

கடைசியாக அம்மாவின் கதை.

இந்தப் பருவத்தில் நேரப் பயன்பாட்டு நாட்குறிப்பு ஒன்று தயாரிக்கச் சொன்னார்கள். வீட்டில் இரண்டு பேர், மூன்று நாள், அரை மணிக்கு ஒருமுறை என்ன செய்கிறார்கள் என்று எழுதவேண்டும். 1960-களிலேயே 12 நாடுகளில் இப்படி நாட்குறிப்புகள் வாங்கி ஒப்பிட்டிருக்கிறார்கள். அலெக்சாந்தர் சாலாய் தலைமையில் நடந்த அந்த ஆய்வு 1972-ல் வெளிவந்தது. வேலைக்குப் போய்வந்த பெண்களுக்கு வீட்டில் காத்திருக்கும் வேலையை ‘இரண்டாம் ஷிப்ட்’ என்று ஆர்லி ஹாக்சைல்ட் 1989-ல் குறிப்பிட்டதையும் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஆளுக்கு ஒரு நோட்டு. ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு.

முதல் நாள் இரவு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை என் நோட்டில் ‘படித்தேன்’. அதே நேரத்துக்கு அம்மாவின் நோட்டில், சாய்ந்த கையெழுத்தில், ‘சும்மா இருந்தேன்’.

“அந்த நேரத்துல என்னம்மா பண்ணீங்க?”

யோசித்தார். துணி மடித்திருக்கிறார். மடித்ததில் பொத்தான் அறுந்திருந்த என் சட்டையைத் தைத்திருக்கிறார். பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, நாளைக்கு எத்தனை மீதி என்று எண்ணிப் பார்த்திருக்கிறார். தம்பியின் பள்ளி விண்ணப்பத்தில் எந்தப் பக்கத்தில் கையெழுத்து வேண்டும் என்று தேடியிருக்கிறார். நான் படிப்பதால் டிவியின் சத்தத்தைக் குறைத்திருக்கிறார்.

“அப்போ மாத்தி எழுதட்டுமா?”

“வேண்டாம், அப்படியே இருக்கட்டும். இதெல்லாம் ஒரு வேலையா, எழுதிட்டு இருக்க?”

அவர் எழுதியதை நான் அடிக்கவில்லை. அது அவருடைய நோட்டு, அவருடைய சொல். அதற்குக் கீழே, எழுதியது நான் என்று குறிப்பிட்டு, அவர் சொன்னதை ஒவ்வொன்றாகச் சின்ன எழுத்தில் எழுதினேன். வரி போதவில்லை. ஓரத்தில் திருப்பி எழுதி முடித்தேன்.