ஊருக்கு வெளியே தனி வீடு: பாதுகாப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு ஊருக்கு வெளியே, விளைநிலத்தின் நடுவில் தனியாக நிற்கிறது. பக்கத்து வீட்டு விளக்கொளி கண்ணுக்குத் தெரியுமே தவிர, கூப்பிட்டால் குரல் எட்டாது. காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னால் அவர்கள் வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். சென்ற மாதம் நான் வெளியூரில் இருந்த ஓர் இரவில், யாரோ பின்கதவை நெம்பித் திறக்க முயன்றிருக்கிறார்கள். என் மனைவி விளக்குகளைப் போட்டுச் சத்தம் எழுப்பியதும் அவர்கள் ஓடிவிட்டார்கள். காலையில் பார்த்தபோது தாழ்ப்பாளை ஒட்டிக் கடப்பாரையின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. அன்று முதல் அவளுக்குச் சரியான உறக்கம் இல்லை.

வீட்டில் நான், மனைவி, பதின்மூன்று வயது மகன், என் தந்தை என நான்கு பேர் இருக்கிறோம். மாதத்தில் பத்து நாட்களாவது வேலை நிமித்தம் நான் வெளியே தங்க வேண்டியிருக்கிறது. தந்தை இளமையில் வேட்டைத் துப்பாக்கி பிடித்துப் பழகியவர். அம்மா மறைந்த பிறகு பெரும்பாலும் தம் அறையிலேயே இருக்கிறார், அதிகம் பேசுவதில்லை. துப்பாக்கி வாங்கினால் தம் அறையில் வைத்துக்கொள்ளலாம், நான் இல்லாத நாட்களில் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். உரிமம் பெறும் முறையை விசாரித்துவிட்டேன், அதில் தடையொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. வாங்குவதா வேண்டாமா என்பதில்தான் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. இத்தகைய இடத்தில் வாழ்ந்தவர்களும், துப்பாக்கி வைத்திருப்பவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (இருபது ஆண்டுகளுக்கு மேல் துப்பாக்கி வைத்திருப்பவர்)

ஐயா, உங்கள் அச்சம் நியாயமானது. உதவி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும் இடத்தில் வாழ்பவரிடம் 'காவல்துறையை அழையுங்கள்' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட என்னால் முடியாது. நானும் அப்படிப்பட்ட இடத்தில்தான் வாழ்கிறேன், '12 போர்' எனப்படும் குழல் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை உரிமத்துடன் வைத்திருக்கிறேன். ஆனாலும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். ஓர் இரவு மனைவியிடம் சொல்லி வைத்துவிட்டு, நீங்கள் ஆழ்ந்து உறங்கும் நேரத்தில் பின்கதவைத் தட்டச் சொல்லுங்கள். எழுந்து, சாவியைத் தேடி, இரும்புப் பெட்டியைத் திறந்து, தோட்டாக்களை வேறிடத்திலிருந்து எடுத்து வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் முறை இரண்டரை நிமிடம் ஆயிற்று.

1983ஆம் ஆண்டு டென்னிஸ் டூலர் என்னும் அமெரிக்கக் காவல் அலுவலர், கத்தியுடன் பாய்ந்து வரும் ஒருவர் இருபத்தோரு அடி தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார் என்று எழுதினார். வீட்டின் கூடத்தில் அதைவிட நீளமான தூரம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே கதவு உடைந்த பிறகு பெட்டியைத் திறக்கப் போகிறவருக்கு அந்தத் துப்பாக்கி பயன்படாது. கதவு உடையாமல் ஐந்து நிமிடம் தாங்கினால்தான் பயன்படும். அப்படியானால் நிரப்பிய துப்பாக்கியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பதின்மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த எண்ணத்தை முளையிலேயே கிள்ளிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில் முன்வாசலில் காலடியோசை கேட்டு, தோட்டாக்களை நிரப்பிக்கொண்டு கதவின் இடுக்கு வழியாகக் குழலை நீட்டினேன். இருட்டில் ஓர் உருவம் மட்டும் தெரிந்தது. விரல் விசையின் மேல் இருந்தது. அந்த உருவம் இருமியது. அது என் தம்பியின் இருமல். சொல்லாமல் புறப்பட்டு வந்திருந்தான், அவனுடைய கைபேசி அணைந்து போயிருந்தது. அன்று அவன் இருமாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இன்றும் என்னால் முழுமையாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை. எதிரில் நிற்பவர் யார் என்று ஐயமின்றித் தெரியாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது என்பதும், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறியாமல் சுடக் கூடாது என்பதும் பயிற்சியின் முதல் நாளிலேயே கற்றுத்தரப்படும் விதிகள். எனக்கும் அவை தெரிந்தே இருந்தன. பெரிய ஈய ரவைகள் மெல்லிய தடுப்புச் சுவர்களை ஊடுருவி அடுத்த அறைக்குப் போய்விடும் என்பதையும், மூடிய அறைக்குள் சுட்டால் எழும் ஓசை 140 டெசிபலுக்கு மேல் போய்ச் செவியை நிரந்தரமாகப் பாதிக்கக் கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மறுமொழி 2 (அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய மருத்துவர்)

மேலே எழுதியவர் திருடனையும் கதவையும் பற்றிச் சரியாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது வேறு வரி. அம்மா மறைந்த பிறகு தந்தை அறையிலேயே இருக்கிறார், அதிகம் பேசுவதில்லை, துப்பாக்கி தம் அறையில் இருக்கட்டும் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்கள் குடும்பத்தைக் காக்கும் எண்ணத்தில் மட்டுமே அப்படிச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் துணையை இழந்து ஒடுங்கிப்போன முதியவரின் அறையில் துப்பாக்கி இருப்பதை நான் எந்தக் குடும்பத்துக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்குக் காரணம் உண்டு. துப்பாக்கியால் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்பவர்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் இறந்துவிடுகிறார்கள். வேறு பல வழிகளில் முயல்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள், அப்படிப் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்காலத்திலும் தற்கொலையால் இறப்பதில்லை. அந்த உந்துதல் வந்து போவது. கடந்துவிட்டால் வாழ்வு தொடர்கிறது. 2006ஆம் ஆண்டு இஸ்ரேல் இராணுவம், வார இறுதியில் வீட்டுக்குச் செல்லும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று விதியை மாற்றியது. அதன் பின் அங்கே தற்கொலைகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தன. கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாமல் போனதே அத்தனை உயிர்களைக் காத்தது.

உங்கள் மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவர்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, இழுப்பறைக்குள் உண்மையான, ஆனால் தோட்டாவில்லாத கைத்துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார்கள். 29 குழுக்களில் 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்களில் சிறுவர்கள் அதை எடுத்துக் கையாண்டார்கள், 10 குழுக்களில் யாரேனும் ஒருவர் விசையை அழுத்தினார். அப்படிக் கையாண்ட சிறுவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்ற வகையிலான அறிவுரையை முன்பே கேட்டவர்கள். பிள்ளையிடம் சொல்லிவைத்திருக்கிறோம் என்பதை ஒரு பூட்டாக நாம் கருதிவிடக் கூடாது.

வீட்டுக்குள்ளிருக்கும் ஆபத்தைப் பற்றி 1993ஆம் ஆண்டு ஆர்தர் கெல்லர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கியுள்ள வீடுகளில் கொலை நிகழும் அபாயம் 2.7 மடங்கு என்று கண்டது. ஆபத்தான சூழலில் இருப்பவர்களே துப்பாக்கி வாங்குகிறார்கள், அதனால்தான் அந்த எண் உயர்ந்து தெரிகிறது என்று அதற்கு எதிர்வாதம் எழுந்தது. அந்த வாதம் கவனிக்கத்தக்கதே. ஆனால் 2022ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ ஒரு கோடியே எழுபத்தாறு இலட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து வெளியிடப்பட்ட பெரிய ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது. தமக்கெனத் துப்பாக்கி இல்லாமல், கைத்துப்பாக்கி வைத்திருப்பவருடன் ஒரே வீட்டில் வசிப்பவர்கள் கொலையுண்ணும் அபாயம் மற்றவர்களைவிட இருமடங்குக்கும் மேல் இருந்தது.

தந்தையிடம் நேராகவே பேசுங்கள், ஐயா. வாழ்வதில் விருப்பம் இருக்கிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. கேட்காமல் விடுவதுதான் அவரைத் தனிமைப்படுத்தும்.

மறுமொழி 3

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். உரிமம் கிடைப்பது வேறு, சுட்டபின் அதை நியாயப்படுத்துவது வேறு. 1999ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒதுக்குப்புறமான பண்ணை வீட்டில் தனியாக வாழ்ந்த விவசாயி ஒருவர், இரவில் நுழைந்த இருவரைச் சுட்டார். முதுகில் குண்டு பாய்ந்து இறந்தவனுக்கு வயது பதினாறு. அந்த விவசாயி கொலைக் குற்றவாளி என 2000ஆம் ஆண்டு தீர்ப்பளிக்கப்பட்டு, மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது நோக்கமில்லாக் கொலையாகக் குறைக்கப்பட்டது. ஆனாலும் அவர் சிறையில் ஆண்டுகளைக் கழித்தார். அவர் வைத்திருந்தது உரிமமில்லாத துப்பாக்கி என்பதும் வழக்கில் சேர்ந்துகொண்டது. ஓடுகிறவரைச் சுடுவதைத் தற்காப்பு என்று பெரும்பாலான நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் விளக்கு எரிந்ததும் ஓடியவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

மறுமொழி 4 (பண்ணை வீட்டில் தனியாக வாழும் பெண்)

எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. நான் துப்பாக்கி வாங்கவில்லை. அந்தப் பணத்தைக் கதவில் போட்டேன். பெரும்பாலான கதவுகள் பலகை உடைந்து திறப்பதில்லை. தாழ்ப்பாள் விழும் தகட்டைக் குட்டையான திருகாணிகளால் பொருத்தியிருப்பார்கள், ஓர் உதையில் அது நிலையிலிருந்து பிய்ந்து வந்துவிடும். தடித்த எஃகுத் தகட்டை வைத்து, நிலையைத் தாண்டிச் சுவருக்குள் இறங்கும் அளவு நீண்ட திருகாணிகளால் முடுக்கச் செய்தேன். கீல்களுக்கும் அப்படியே. பின்கதவுக்கு உள்பக்கம் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் போட்டிருக்கிறேன். ஆள் அசைந்தால் தானாக எரியும் விளக்குகள் நான்கு மூலைகளிலும் உள்ளன. நாய் இரண்டு, கடிப்பதற்காக நான் அவற்றை வளர்க்கவில்லை, ஆள் நெருங்குவதற்கு முன்னரே எனக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காக வளர்க்கிறேன்.

இவற்றைவிட எனக்கு நிம்மதி தந்தது உள்ளறைதான். கெட்டியான கதவும் உட்புறத் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறையைத் தேர்ந்து, அதில் மின்னேற்றிய கைபேசி, கைவிளக்கு, பக்கத்து வீட்டார் எண்கள், வெளியே அபாய மணியை ஒலிக்கச் செய்யும் பொத்தான் ஆகியவற்றை வைத்திருக்கிறேன். ஓசை கேட்டால் அந்த அறைக்குள் போய்த் தாழிட வேண்டும், பொருள் போனால் போகட்டும் என்பது முடிவு. பக்கத்து வீட்டார் மூவருடன் பேசி வைத்திருக்கிறேன்; மணி ஒலித்தால் மூன்று வீட்டிலும் விளக்கெரியும், வண்டி கிளம்பும். காவலர் வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனாலும் அவர்கள் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள். உங்கள் மனைவியிடம் அவருக்கு எது வேண்டும் என்று கேட்டீர்களா, ஐயா? நீங்கள் இல்லாத இரவுகளில் அவர்தானே அந்த வீட்டில் இருக்கப் போகிறார்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் எழுதியதை மூன்று முறை படித்தேன். நேற்றிரவு தந்தையின் அறையில் போய் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சில இரவுகளில் விடிய வேண்டாம் என்று தோன்றும்" என்றார். இத்தனை மாதங்களாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. வரும் வாரம் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். துப்பாக்கி வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

மனைவியிடமும் கேட்டேன். துப்பாக்கி வேண்டும் என்று அவள் ஒருபோதும் நினைத்ததில்லையாம். பின்கதவு உறுதியாக இருக்க வேண்டும், கூப்பிட்டால் யாராவது வர வேண்டும், அவ்வளவுதான் என்றாள். கதவு நிலையைச் சரிசெய்யத் தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன். கீல்கள் வெளிப்பக்கம் இருக்கும் கதவுக்கு என்ன செய்வது என்று அம்மையார் சொன்னால் நல்லது.

மறுமொழி 4

கீலின் ஊசியை வெளியிலிருந்து உருவிவிட்டால் கதவைப் பெயர்த்துவிட முடியும். அதற்குக் கதவின் கீல் பக்க விளிம்பில் மேலும் கீழுமாக இரண்டு எஃகு முளைகளைப் பொருத்தி, கதவு மூடும்போது அவை நிலையிலுள்ள துளைக்குள் நுழையுமாறு செய்யச் சொல்லுங்கள். ஊசியை உருவினாலும் கதவு அசையாது. தச்சருக்கு ஒரு மணி நேர வேலைதான்.

மறுமொழி 1

ஐயா, தந்தையிடம் கேட்டது மிக நல்ல காரியம். அவர் பழைய வேட்டைக்காரர் என்றீர்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கியோ தோட்டாக்களோ பரணிலோ பழைய பெட்டியிலோ மிச்சமிருக்கின்றனவா என்று இன்றே தேடிப் பாருங்கள். இருந்தால் நீங்களே தொட்டு எடுத்துப் போக வேண்டாம், காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி அவர்கள் கூறும் முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள்.