லினக்ஸ் மின்டில் எல்டிஸ்பைஸ்: ஆல்ட் அழுத்தினால் விண்டோவே நகர்கிறது, ஆப்-ஆம்ப் மாடலையும் ஏற்க மறுக்கிறது

சுற்றுப்பையன்:
எல்லாருக்கும் வணக்கம். கல்லூரி லேபில் விண்டோஸ், வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் சினமன். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் ஒயின் போட்டு, சர்க்யூட் சிமுலேட்டரான எல்டிஸ்பைஸை நிறுவிவிட்டேன், திறக்கிறது, கூடவே வரும் எடுத்துக்காட்டு சர்க்யூட்டெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் மூன்று தொல்லை. ஒரு பாகத்தில் எவ்வளவு பவர் போகிறது என்று பார்க்க ஆல்ட் பிடித்து க்ளிக் செய்தால் விண்டோ முழுவதும் மவுஸோடு சேர்ந்து நகர்கிறது. எழுத்து எறும்பு சைஸில் இருக்கிறது. மூன்றாவதுதான் பெரிய தலைவலி: டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) மாடலைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கிச் சேர்த்தேன், ரன் கொடுத்தால் 'அன்னோன் சப்சர்க்யூட்' (இந்தப் பெயரில் உள்சுற்று எதுவும் தெரியாது) என்று நின்றுவிடுகிறது. விண்டோஸையே திரும்பப் போட்டுவிடலாமா?

ஓம்_விதி:
இதற்கெல்லாம் விண்டோஸ் போட வேண்டாம் தம்பி. ஆல்ட் விஷயத்தில் எல்டிஸ்பைஸ் மேலும் தப்பில்லை, ஒயின் மேலும் தப்பில்லை. சினமனில் ஆல்ட் பிடித்து இழுத்தால் விண்டோ நகர வேண்டும் என்பதுதான் இயல்பான அமைப்பு, அதனால் உங்கள் க்ளிக் எல்டிஸ்பைஸுக்குப் போய்ச் சேருவதே இல்லை. சிஸ்டம் செட்டிங்ஸில் விண்டோஸ் என்ற பகுதி, அதற்குள் பிஹேவியர் டேப். விண்டோவை நகர்த்தும் சிறப்பு விசை எது என்று கேட்கும், ஆல்ட்டை எடுத்துவிட்டு சூப்பர் (கீபோர்டில் விண்டோஸ் சின்னம் இருக்கும் விசை) என்று வையுங்கள். அப்புறம் சிமுலேஷனை ஓட்டி முடித்து, ஆல்ட்டைப் பிடித்தபடி ஒரு ரெசிஸ்டர் மேல் போனால் கர்சர் தெர்மாமீட்டராக மாறும், க்ளிக் செய்தால் பவர் வரைபடம் வந்துவிடும். அந்த வரைபடத்தின் தலைப்பில் கன்ட்ரோல் பிடித்து க்ளிக் செய்தால் சராசரியும் கிடைக்கும், பக் கன்வெர்ட்டரின் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) எஃபிஷியன்சி பார்க்கிறவர்களுக்கு இது தெரியாமல் முடியாது.

எழுத்துக்கு: ஒயின் கான்ஃபிகரேஷனில் கிராபிக்ஸ் டேப், கீழே டிபிஐ (திரையில் எழுத்தின் அளவைத் தீர்மானிக்கும் எண்) 96 என்று இருக்கும். 120 அல்லது 144 வைத்துவிட்டு எல்டிஸ்பைஸை மூடித் திறங்கள்.

பழைய_சால்டரிங்:
மாடல் விஷயத்துக்கு வருகிறேன். இறக்கிய கோப்பை ஏதாவது டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். சப்சர்க்யூட் தொடங்கும் வரியில் ஒரு பெயர் இருக்கும், பல நேரம் அது ஐசியின் மேல் அச்சடித்திருக்கும் பெயராக இருக்காது, பின்னால் ஏதாவது எழுத்தோ ஸ்லாஷோ ஒட்டியிருக்கும். ஆப்ஆம்ப்2 சிம்பலை வைத்து, அதன் வேல்யூவில் அந்தப் பெயரை அப்படியே எழுத வேண்டும். கோப்பின் பெயர் என்னவாக இருந்தாலும் எல்டிஸ்பைஸ் கண்டுகொள்ளாது, மாடல் கோப்பைச் சேர்க்கும் லிப் (.lib) கட்டளையில் கோப்பின் பெயரைச் சரியாகக் கொடுத்தால் போதும்.

கோப்பை எங்கே வைப்பது என்றால், சர்க்யூட் இருக்கும் அதே ஃபோல்டரில். பாதை எழுதுகிற வேலையே மிச்சம். எல்டிஸ்பைஸின் சொந்த லைப்ரரி ஃபோல்டருக்குள் தயவுசெய்து எதையும் திணிக்காதீர்கள், அப்டேட் வரும்போது எது மிஞ்சும் எது மிஞ்சாது என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் லைப்ரரி தேடும் பாதையில் சேர்த்துக்கொள்ளலாம். ஒயினுக்குள் உங்கள் லினக்ஸ் கோப்புகள் எல்லாம் 'இசட்' டிரைவில் தெரியும்.

ஒன்று விட்டுப்போச்சு. பிழை ஏதும் வராமல் ஓடி, அவுட்புட் மட்டும் சப்ளை வோல்டேஜில் ஒட்டிக்கொண்டு நின்றால் பின் வரிசையைச் சந்தேகப்படுங்கள். ஆப்ஆம்ப்2 எதிர்பார்ப்பது ப்ளஸ் இன்புட், மைனஸ் இன்புட், பாசிட்டிவ் சப்ளை, நெகட்டிவ் சப்ளை, அவுட்புட், இந்த வரிசைதான்.

திறமூலம்:
இவ்வளவு பாடு எதற்கு, இன்னொரு சிமுலேட்டரான என்ஜிஸ்பைஸ் லினக்ஸில் நேரடியாகவே ஓடுமே? பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பழைய ஸ்பைஸ்3 சிமுலேட்டர் வழி வந்தது, சர்க்யூட் போர்டு வரையும் கிகாட் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. ஐஐடி பாம்பேயின் ஃபாஸ்ஸி குழு தரும் சர்க்யூட் மென்பொருளான ஈசிம் கூட இதை வைத்துத்தான்.

ஓம்_விதி:
என்ஜிஸ்பைஸ் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எல்டிஸ்பைஸோடு வரும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் மாடல்களில் பல பூட்டியே வருகின்றன, வேறு எந்த சிமுலேட்டரும் அவற்றைப் படிக்காது. ப்ராஜெக்டில் அப்படி ஒரு ஐசி இருந்தால் பேச்சே இல்லை. இன்னொன்று, ஒயினுக்குள் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்ப்பதில்லை, லினக்ஸில் பார்க்கும். அதனால் ஒயினுக்குள் ஓடிய நெட்லிஸ்ட் (சர்க்யூட்டை எழுத்தாக விவரிக்கும் கோப்பு) லினக்ஸில் நேரடியாக ஓடும் என்ஜிஸ்பைஸில் கோப்பே இல்லை என்று சொல்லலாம்.

சுற்றுப்பையன்:
ஆல்ட் சரியாகிவிட்டது, தெர்மாமீட்டர் வருகிறது! கோப்புக்குள் பெயர் வேறாகத்தான் இருந்தது அண்ணா, அதை வேல்யூவில் போட்டதும் ஓடிவிட்டது. டிபிஐ 144 எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, 120 வைத்திருக்கிறேன். ப்ராஜெக்டில் ரெகுலேட்டர் ஐசி இருப்பதால் இப்போதைக்கு எல்டிஸ்பைஸ்தான், செமஸ்டர் முடிந்ததும் ஈசிம் போட்டுப் பார்க்கிறேன்.