யூரின் கல்ச்சர்ல கிருமி இருக்கு, உடம்புல ஒரு தொந்தரவும் இல்ல: உங்களுக்கு என்ன ஆச்சு?

மழைக்குருவி:
அம்மாவுக்கு 76 வயசு. முழங்கால் ஆபரேஷனுக்கு முன்னாடி யூரின் கல்ச்சர் (சிறுநீர்ல கிருமி வளருதான்னு பாக்கற டெஸ்ட்) கேட்டாங்க. எரிச்சல், காய்ச்சல் எதுவும் கிடையாது. ரிப்போர்ட்ல ஈ.கோலைங்கற கிருமி, மில்லிக்கு 1 லட்சத்துக்கு மேல. உடனே 7 நாள் ஆன்டிபயாடிக். நாலாம் நாள் வயித்தால போக ஆரம்பிச்சது நிக்கவே இல்ல. நடுராத்திரி பாத்ரூம் வாசல்ல சுவரைப் பிடிச்சுக்கிட்டு, "எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேனேடி"ன்னாங்க. ஆபரேஷனும் தள்ளிப்போச்சு.

ரெட்டைச்சடை:
எனக்குத் தலைகீழ். மாசமா இருக்கும்போது முதல் செக்கப்லயே கிருமின்னாங்க. நல்லாத்தானே இருக்கோம்னு மாத்திரையை டப்பாவுலயே வெச்சுட்டேன். 7-ம் மாசம் விலாவுக்குக் கீழ வலி, குளிர் ஜுரம். மூணு போர்வை போர்த்தியும் பல்லு தந்தியடிச்சது. சிறுநீரகம் வரைக்கும் ஏறிடுச்சாம். அதனால 'சும்மா விட்டுடலாம்'னு பொத்தாம்பொதுவா யாரும் எழுதாதீங்க.

பழைய ரேடியோ:
@ரெட்டைச்சடை, யாரும் அப்படி எழுதலையே. கர்ப்பிணிக்கு மருந்து கண்டிப்பா வேணும். சிறுநீர்ப் பாதையில ரத்தம் வர்ற மாதிரி ஆபரேஷன் செய்யறதுக்கு முன்னாடியும் வேணும். முழங்கால் அந்தக் கணக்குல வராது. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தோட 2019 வழிகாட்டியே, மத்த ஆபரேஷனுக்கு இந்த டெஸ்டே எடுக்க வேண்டாம்னுதான் சொல்லுது. சர்க்கரை இருக்கறவங்களுக்கும் அறிகுறி இல்லேன்னா வேண்டாம். யூரின்ல சீழ் செல் இருக்குன்னு பயப்படறதும் வீண், அது மட்டும் மருந்துக்குக் காரணம் ஆகாது. எங்கப்பாவுக்கு மூணு மாசமா யூரின் போக டியூப். ஒவ்வொரு கல்ச்சர்லயும் புதுசா ஒரு கிருமி. "டியூப் இருக்கற வரைக்கும் அதுவும் இருக்கும், ஜுரம் வந்தா கூப்பிடுங்க"ன்னு சிஸ்டர் சொன்னப்புறம்தான் நான் தூங்கினேன். இன்னொண்ணு, வயசானவங்க திடீர்னு குழம்பிப் பேசினா உடனே யூரின்ல இருக்கற கிருமி மேல பழி போடாதீங்க. தண்ணி குடிச்சாங்களா, மலச்சிக்கலா, புது மாத்திரை ஏதாவது ஆரம்பிச்சாங்களான்னு பாருங்க. சாம்பிளும் முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல பிடிக்கணும், பிடிச்சதை மணிக்கணக்கா வெளியில வெச்சிருக்கக் கூடாது. அம்மாவுக்கு அப்படித்தானே எடுத்தீங்க?

மழைக்குருவி:
எங்க சார். டப்பாவைக் கையில கொடுத்து "நிரப்பிட்டு வாங்கம்மா"ன்னாங்க, அவ்வளவுதான். முழங்கால் வலியோட குனிய முடியாம, முதல்ல வந்ததையே பிடிச்சுட்டு வந்தாங்க.