எழுதும்போது வரும் ‘ஸ்’ பேசும்போது காணவில்லை, வழி சொல்லுங்கள்

பின்வரிசை (கேள்வி):

ஆங்கில இலக்கணம் எனக்குத் தெரியாமல் இல்லை. எழுவாய் ஹி, ஷி, இட் என்றால் நிகழ்கால வினையோடு ‘ஸ்’ சேர வேண்டும், மற்றவற்றுக்கு வேண்டாம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மின்னஞ்சல் எழுதும்போது தவறு வருவதில்லை. வாயைத் திறந்தால் மட்டும் ‘ஷி டோன்ட் நோ’, ‘ஹி வாண்ட் தி ரிப்போர்ட்’, ‘தி ஃபைல்ஸ் இஸ் ரெடி’ என்று வந்து விழுகிறது. சொன்ன மறுநொடியே காதில் உறைக்கிறது, ஆனால் அதற்குள் வாக்கியம் போய்விடுகிறது.

இதற்குப் பயந்து இப்போது கண்ட இடத்திலெல்லாம் ‘ஸ்’ போட ஆரம்பித்திருக்கிறேன். ‘ஷி டஸன்ட் நோஸ்’, ‘தே கோஸ்’ என்று நிலைமை இன்னும் மோசம். விதி தெரிந்தும் வாய்க்கு ஏன் வரவில்லை? பயிற்சி என்றால் எதைப் பயிற்சி செய்வது? ‘நிறையப் பேசுங்கள், தானாக வரும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

அரைவட்டம்:

எதற்கு இவ்வளவு கவலை? ‘ஷி நோ’ என்றால் கேட்பவருக்குப் புரியத்தான் செய்யும். இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா வட்டார வழக்கில் ‘ஷி கோ’ என்றே பேசுகிறவர்கள் உண்டு. பேசுங்கள், போய்க்கொண்டே இருங்கள்.

ஒற்றெழுத்து:

அரைவட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் நேர்முகத் தேர்விலோ பேச்சுத் தேர்விலோ உட்கார்ந்திருக்கும்போது அது கைகொடுக்காது. கேட்டவருக்கு வேண்டியது வழி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில், இது உங்கள் ஒருவரின் பலவீனம் இல்லை. ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கற்கும் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து கவனித்து, 1973இல் அதை வெளியிட்டார். 14 இலக்கண உறுப்புகள் எந்த வரிசையில் வாயில் நிலைபெறுகின்றன என்று பார்த்தார். பன்மை ‘ஸ்’ 4ஆவது இடத்தில் வந்துவிடுகிறது. வினையில் வரும் ‘ஸ்’ 10ஆவது இடத்தில்தான் வருகிறது. ஒலி இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே ‘புக்ஸ்’ சொல்ல முடிகிற உங்கள் நாக்குக்கு ‘லுக்ஸ்’ சொல்ல முடியாமல் இல்லை. பன்மை ‘ஸ்’ ஒரு செய்தியைச் சொல்கிறது, புத்தகம் ஒன்றா பலவா என்று. வினை ‘ஸ்’ புதிதாக எதையும் சொல்வதில்லை. ‘ஷி’ என்று சொன்னபோதே ஒருமை தெரிந்துவிட்டது. பேசும் அவசரத்தில் மூளை பயனில்லாத சுமையைத்தான் முதலில் கழற்றிவிடும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, அதைப் பாடப்புத்தகங்களில் அதிகம் காணோம். தமிழில் எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவது நமக்குப் பால்குடி வழக்கம். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார்கள் என்று ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு மாறுகிறது. அப்படிப்பட்ட நாம் ஏன் ஒரே ஒரு ‘ஸ்’ஸில் தடுக்கி விழ வேண்டும்? நீங்கள் கொடுத்த தவறுகளையே பாருங்கள். ‘நோ’, ‘வாண்ட்’, ‘டோன்ட்’. தமிழில் இவை என்ன? தெரியும், வேண்டும், இல்லை.

எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியும். ஆள் மாறினாலும் வினை அசையவே இல்லை. வேண்டும், பிடிக்கும், புரியும் எல்லாம் இப்படித்தான். எதிர்மறையும் அப்படியே: நான் வரவில்லை, அவள் வரவில்லை, அவர்கள் வரவில்லை. தமிழே வினையை மாற்றாமல் விட்டுவைத்த இடங்களில்தான் நம் ஆங்கிலமும் ‘ஸ்’ஸை விட்டுவிடுகிறது. ‘ஷி கம்ஸ்’ உங்களுக்கு ஓரளவு வந்துவிடும். ‘ஷி லைக்ஸ்’ வராது. ஒருநாள் உங்கள் பேச்சைப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது பொருந்துகிறதா என்று தெரியும்.

‘ஹேவ்’, ‘ஹேஸ்’ தகராறும் இதே குடும்பம். நமக்கு ‘ஹேவ்’ என்ற வினையே கிடையாது. ‘அவளிடம் நேரம் இருக்கிறது’, ‘அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்’ என்கிறோம். வினை ஒத்துப்போவது நேரத்தோடும் பிள்ளைகளோடும். அவளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் அது அவளைப் பார்த்தாக வேண்டும்.

‘தி ஃபைல்ஸ் இஸ் ரெடி’ வேறு கதை. எழுத்துத் தமிழில் ‘கோப்புகள் வந்தன’. பேச்சில் யார் ‘வந்தன’ என்கிறோம்? ‘ஃபைல் எல்லாம் வந்துச்சு’தான். உயிரற்ற பொருள்களுக்கு ஒருமை, பன்மை பேச்சு வினையில் கரைந்துவிட்டது. அதனால் ‘பீப்பிள் ஆர்’ சரியாக வரும், ‘ரிசல்ட்ஸ் ஆர்’ வழுக்கும்.

நிழல்மரம்:

குறுக்கே வருகிறேன். எதிர்மறை தமிழில் மாறுவதே இல்லை என்பது சரியா? மாட்டேன், மாட்டான், மாட்டார்கள் என்று மாறுகிறதே. ‘அவன் புகைபிடிக்க மாட்டான்’ என்பதற்கு ‘ஹி டஸன்ட் ஸ்மோக்’ என்றுதானே சொல்வோம்.

ஒற்றெழுத்து:

சரியான பிடி. ‘மாட்டான்’ மாறத்தான் செய்கிறது. ‘இல்லை’, ‘தெரியாது’, ‘பிடிக்காது’, ‘வேண்டாம்’, ‘புரியவில்லை’ ஆகியவைதாம் மாறாதவை. அன்றாடப் பேச்சில் ‘டஸன்ட்’ தேவைப்படும் இடங்களை எண்ணினால் இவைதான் பெரும்பங்கு: டஸன்ட் நோ, டஸன்ட் லைக், டஸன்ட் வாண்ட், டஸன்ட் அண்டர்ஸ்டாண்ட்.

பின்வரிசை:

இப்படி யாரும் சொன்னதில்லை. பழைய பதிவு ஒன்றைக் கேட்டேன், ‘ஷி வொர்க்ஸ்’ இருக்கிறது, ‘ஷி நீட்’ என்று இருக்கிறது. ஆனால் காரணம் தெரிந்ததால் வாய் திருந்திவிடுமா? அப்புறம் அந்த ‘டஸன்ட் நோஸ்’ சங்கதி?

ஒற்றெழுத்து:

காரணம் தெரிந்தால் பயிற்சியைச் சின்னதாக்கலாம், அதற்குத்தான் சொன்னேன். ஆங்கில வினைகள் அனைத்தையும் வைத்துப் போராட வேண்டாம். இந்தச் சிறு கூட்டத்தை மட்டும் எடுங்கள்: நோஸ், வாண்ட்ஸ், நீட்ஸ், லைக்ஸ், ஹேஸ், மீன்ஸ், அண்டர்ஸ்டாண்ட்ஸ், அப்புறம் டஸன்ட். இவற்றைத் தனி வினையாகப் படிக்காதீர்கள். ‘ஷி-நோஸ்’, ‘ஹி-வாண்ட்ஸ்’, ‘இட்-மீன்ஸ்’, ‘ஷி-டஸன்ட்-நோ’ என்று ஒட்டிய ஒரே சொல்லாக வாயில் ஏற்றுங்கள். பேசும் வேகத்தில் எழுவாயைப் பார்த்து, விதியை நினைத்து, ‘ஸ்’ சேர்க்க யாருக்கும் அவகாசம் இருக்காது. தாய்மொழியாளரும் அப்படிச் செய்வதில்லை.

‘டஸன்ட் நோஸ்’ பற்றி: ஒரு வினைக்கு ஒரு ‘ஸ்’தான். ‘டஸ்’ வந்துவிட்டால் அது ‘ஸ்’ஸைத் தன்னிடம் வாங்கிக்கொண்டது, பின்னால் வருவது வெறும் ‘நோ’. கேள்வியிலும் அதேதான், ‘டஸ் ஷி நோ?’. கேன், வில், ஷுட், மஸ்ட் ஆகியவை ‘ஸ்’ஸைத் தாமும் ஏற்காது, பின்வரும் வினைக்கும் தராது: ‘ஷி கேன் கோ’. இறந்த காலத்தில் ‘வாஸ்’, ‘வேர்’ தவிர எங்கும் எழுவாய் பார்க்க வேண்டியதில்லை. மொத்தத்தில் தொல்லை தருகிற பரப்பு நீங்கள் பயப்படுவதைவிட மிகச் சிறியது.

கடைசிவரி:

இலக்கணத்தையே பேசுகிறீர்கள். பாதிப் பேருக்குச் சிக்கல் நாக்கில்தான் இருக்கிறது. பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் சொல்கிறேன்: பலர் ‘ஸ்’ சேர்த்ததாகவே நினைக்கிறார்கள், வெளியே கேட்பதில்லை. தமிழ் மரபில் வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது, இரண்டு மூன்று மெய்கள் கூட்டாக நிற்பது அதைவிட அரிது. ‘ஆஸ்க்ஸ்’, ‘ஹெல்ப்ஸ்’ போன்றவற்றில் வாய் களைத்துப்போய்க் கடைசி ஒலியை விழுங்கிவிடும், இல்லையென்றால் ‘ஹெல்ப்ஸு’ என்று உகரத்தை ஒட்டும்.

இதற்கு ஒரு குறுக்குவழி. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கும்படி தொடர்களைத் தேர்ந்தெடுத்துப் பழகுங்கள். ‘ஷி லிவ்ஸ் இன்’, ‘ஹி வொர்க்ஸ் அட்’, ‘இட் டேக்ஸ் எ’, ‘ஷி ஆஸ்க்ஸ் அஸ்’. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது நமக்குப் பழகிய புணர்ச்சிதானே? ‘வொர்க்-ஸட்’, ‘டேக்-ஸ’ என்று அந்த ‘ஸ்’ அடுத்த சொல்லுக்குத் தாவிவிடும். தனியாகத் தொங்காததால் தொலையாது. இது பிடிபட்ட பிறகு மெய்யில் தொடங்கும் சொற்களுக்குப் போகலாம். ‘ஷி கெட்ஸ் ஸ்டக்’ மாதிரி அடுத்த சொல்லும் ‘ஸ்’ஸில் தொடங்கினால் கவலையே வேண்டாம், இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஒலியும் எங்கும் ஒன்றல்ல. க், ட், ப், ஃப் போன்ற குரல் அதிராத ஒலிகளுக்குப் பின் ‘ஸ்’ என்றே கேட்கும். ரன்ஸ், நோஸ், லிவ்ஸ் போன்றவற்றில் குரல் அதிர்ந்து தேனீ ரீங்கரிப்பதுபோல் வரும். வாஷ், டீச், யூஸ் போன்றவற்றில் ஓர் அசையே கூடும்: வாஷஸ், டீச்சஸ், யூஸஸ். இந்தக் கடைசி வகை தொலைவது அரிது, அசையாக நிற்பதால் காதுக்குப் பிடிபடுகிறது. அப்புறம் ‘சேஸ்’ என்று பலர் சொல்வது உண்மையில் ‘செஸ்’ என்று குறுகி ஒலிக்க வேண்டியது.

அரைவட்டம்:

நான் ஒரு தந்திரம் வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் ‘இங்’ போட்டுவிடுவேன். ‘ஷி இஸ் வாண்டிங்’, ‘ஹி இஸ் நோயிங்’. ‘ஸ்’ தொல்லையே இல்லை.

கடைசிவரி:

அது ஒரு பள்ளத்திலிருந்து தப்பி அடுத்த பள்ளத்தில் விழுவது. தமிழில் ‘வருகிறான்’ என்பது இப்போது வருவதையும் வழக்கமாக வருவதையும் சேர்த்துச் சொல்வதால் நமக்கு வித்தியாசம் உறைப்பதில்லை. நோ, வாண்ட், நீட் போன்ற மனநிலை வினைகள் பொதுவாக ‘இங்’ ஏற்பதில்லை. தேர்வாளர் காதில் ‘ஷி நோ’வைவிட ‘ஷி இஸ் நோயிங்’ உரக்கக் கேட்கும்.

பின்வரிசை:

நீளமான வாக்கியங்கள்? ‘தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் ஆர்’ என்று போய்விடுகிறது. ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஆர்’ கூட.

ஒற்றெழுத்து:

இதில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இங்கே விழுவார்கள். கேத்ரின் பாக், கரோல் மில்லர் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். ‘தி கீ டு தி கேபினெட்ஸ்’ போன்ற தொடக்கங்களைக் கொடுத்து வாக்கியத்தை முடிக்கச் சொன்னால், தாய்மொழியாளரே சில நேரம் ‘வேர்’ என்றார்கள். பக்கத்தில் நிற்கும் பன்மை வினையை இழுத்துவிடுகிறது.

இதற்குப் பயிற்சியைவிட வாக்கியத்தை உடைப்பதே மேல். பேச்சில் நீண்ட எழுவாய் யாருக்கும் தேவையில்லை. ‘தி லிஸ்ட் இஸ் ரெடி. இட் ஹேஸ் ஆல் தி நேம்ஸ்’ என்று இரண்டாக்குங்கள். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’ மட்டும் அடிக்கடி வருவதால் ‘ஒன்-ஆஃப்-மை-ஃப்ரெண்ட்ஸ்-இஸ்’ என்று முழுத் தொடராகவே மனப்பாடம் செய்யுங்கள். எவ்ரிஒன், ஈச் இரண்டும் ஒருமை. ‘நியூஸ்’ பார்க்கப் பன்மை, நடப்பு ஒருமை. ‘டீம்’ பிரிட்டனில் ‘ஆர்’ஐயும் ஏற்கும், அமெரிக்காவில் பெரும்பாலும் ‘இஸ்’தான், எதைச் சொன்னாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

நிழல்மரம்:

தினமும் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. எனக்குப் பலன் தந்தது இது: ‘ஐ’ என்று எழுதப்பட்ட ஒரு பத்தியை எடுத்து, எழுதிப் பார்க்காமல், வாசிக்கும்போதே ‘ஷி’ என்று மாற்றிச் சத்தமாகச் சொல்வது. ‘ஐ ஹேவ் எ மீட்டிங், ஐ டோன்ட் லைக் இட்’ என்பதை ‘ஷி ஹேஸ் எ மீட்டிங், ஷி டஸன்ட் லைக் இட்’ என்று. முதலில் திணறும். நிறுத்தாமல் போக வேண்டும், பின்னால் பதிவைக் கேட்கும்போது ‘ஸ்’ஸை மட்டும் கவனிக்க வேண்டும். உச்சரிப்பு, சொல்வளம் எதையும் அப்போது பார்க்கக் கூடாது.

ஒற்றெழுத்து:

நல்ல பயிற்சி. என் பட்டியலில் உள்ள வினைகள் நிறைந்த பத்தியாகப் பார்த்து எடுத்தால் இன்னும் வேகமாகப் பலிக்கும். உண்மையான உரையாடலில் மட்டும் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். அங்கே பேச்சுதான் முக்கியம். வாயிலிருக்கும்போதே பிடிபட்டால் அந்த ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள், தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள்.

பின்வரிசை:

ஆகட்டும், எட்டுச் சொற்களும் ‘ஐ’-‘ஷி’ மாற்றமும். இன்றே தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று: தாய்மொழியாளர்கள் ‘தேர்ஸ் டூ ப்ராப்ளம்ஸ்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். ‘தேர் ஆர்’ அல்லவா வர வேண்டும்? நானும் அப்படிச் சொல்லலாமா?

கடைசிவரி:

எழுத்தில் ‘தேர் ஆர்’தான். பேச்சில் ‘தேர்ஸ்’ என்று சுருக்கிச் சொல்வது அவர்களிடையே மிகவும் சாதாரணம். சுருக்காமல் ‘தேர் இஸ் டூ ப்ராப்ளம்ஸ்’ என்றால்தான் இடிக்கும். நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். தேர்வில் ‘தேர் ஆர்’ சொல்லிவிடுங்கள்.